மறைந்துபோன படத்தை மீட்ட வீட்டுக் கம்ப்யூட்டர்!

போர்வை சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்தார்கள்!
புதிய கம்ப்யூட்டருக்கு மாறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

ஒரு பொம்மை. மாடு மேய்க்கும் வீரனின் பொம்மை. அதன் பெயர் வுடி.

முதலில் அந்தப் பொம்மையின் தொப்பி மறைந்தது!

பிறகு அதன் பூட்சுகள் மறைந்தன!

கடைசியில் பொம்மையே மறைந்துவிட்டது!

இது மந்திரவாதியின் வேலை அல்ல. பேய்க் கதையும் அல்ல. 1998-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சினிமாக் கம்பெனியில் உண்மையாகவே நடந்த சம்பவம்.

அந்தக் கம்பெனியின் பெயர் பிக்சார். கலிபோர்னியா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற ஊரில் அப்போது அது இருந்தது. "டாய் ஸ்டோரி" என்ற பொம்மைப் படத்தை 1995-ல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்ற கம்பெனி. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே உருவான முதல் முழுநீளப் படம் அதுதான்.

அதன் இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொண்டிருந்தார்கள். அப்போதுதான் இந்த விபரீதம் நேர்ந்தது.

இரண்டு எழுத்து செய்த வேலை

சாதாரண சினிமாவுக்கு நடிகர் உண்டு. நடிகை உண்டு. செட்டு உண்டு. பிலிம் சுருள் உண்டு. கம்ப்யூட்டரில் தயாராகும் படத்தின் வேலை அப்படி அல்ல. எல்லாமே "பைல்"கள்தான்.

பைல் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு கட்டு. ஆபீசில் காகிதங்களைக் கட்டி வைக்கிறார்கள் அல்லவா? அதுபோலத்தான். பொம்மையின் உடம்பு சில பைல்களில் இருக்கும். தொப்பி வேறு பைலில் இருக்கும். வீடு, தெரு, மரம், விளக்கு வெளிச்சம் எல்லாமே தனித்தனிப் பைல்கள்.

இந்தப் பைல்கள் எல்லாம் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருந்தன. அதில் யாரோ ஒருவர் தவறான இடத்தில் ஒரு கட்டளையைத் தட்டிவிட்டார்.

அந்தக் கட்டளைக்கு இரண்டே எழுத்து. "ஆர்.எம்." என்பார்கள். "நீக்கு" என்று பொருள் தரும் "ரிமூவ்" என்ற சொல்லின் சுருக்கம் அது. அதனோடு ஒரு நட்சத்திரக் குறியையும் சேர்த்தால், "இங்கே இருக்கும் எல்லாவற்றையும் நீக்கு" என்று அர்த்தம்.

கம்ப்யூட்டருக்கு நல்லது கெட்டது தெரியாது. சொன்னதைச் செய்யும். செய்யத் தொடங்கியது!

"பிளக்கைப் பிடுங்குங்கள்!"

அந்த நேரத்தில் ஓரன் ஜேக்கப் என்ற என்ஜினீயர் தன் சகாக்களுடன் வுடி பொம்மையின் பைல்களைப் பார்த்துக் கொண்டிருந்தார். ஒரு தடவை பார்த்தபோது நிறையப் பைல்கள் இருந்தன. மறுபடி பார்த்தபோது குறைந்திருந்தன. இன்னொரு தடவை பார்த்தார்கள். மேலும் குறைந்துவிட்டன!

அவர்களுக்குப் பகீர் என்றது. உடனே டெலிபோனை எடுத்தார்கள். கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்களிடம், அந்த எந்திரத்தின் மின்சாரப் பிளக்கைப் பிடுங்கும்படி சொன்னார்கள்.

பிளக் பிடுங்கப்பட்டது. எந்திரம் நின்றது.

ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. எந்திரத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்கள். படத்தில் 100-க்கு 90 பங்கு போய்விட்டது! பல பேர் இராப்பகலாகப் பாடுபட்டுச் செய்த வேலை, சில நிமிடங்களில் காற்றோடு கலந்துவிட்டது.

"கவலை வேண்டாம், பிரதி இருக்கிறது"

முதலில் யாரும் மனம் உடைந்துவிடவில்லை. காரணம் உண்டு. பெரிய கம்பெனிகளில் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வைப்பது வழக்கம். அந்தப் பிரதிக்குப் "பேக்கப்" என்று பெயர். பிக்சாரிலும் பேக்கப் எடுத்து வந்தார்கள்.

அதைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார்கள்.

பேக்கப் சரியாக இல்லை!

பிரதி எடுக்கும் வேலை முன்பே பழுதுபட்டிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. "தினமும் பிரதி எடுக்கப்படுகிறது" என்று நம்பிக் கொண்டிருந்தார்கள். எடுத்த பிரதி நன்றாக இருக்கிறதா என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போதுதான் உண்மையாகவே திகில் பிடித்தது. படம் போச்சு! பேக்கப்பும் போச்சு! இனி என்ன செய்வது? கூடிப் பேசினார்கள்.

தாய் வீட்டில் இருந்த பிரதி

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்மணி இருந்தார். பெயர் காலின் சஸ்மன். படத்தின் தொழில்நுட்ப வேலைகளை மேற்பார்வை செய்தவர். சில மாதங்களுக்கு முன்புதான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது.

கைக்குழந்தையை விட்டுவிட்டுத் தினமும் ஆபீசுக்கு வர முடியுமா? அதனால் வீட்டில் இருந்தே வேலை பார்க்க ஏற்பாடு செய்து கொண்டிருந்தார். அவர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைக்கப்பட்டிருந்தது. ஆபீசில் இருந்த படத்தின் பைல்கள், அவ்வப்போது தாமாகவே அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பிரதியாகிவிடும்.

அது அப்போது அவர் நினைவுக்கு வந்தது. தன் வீட்டில் ஒரு பிரதி இருக்கக்கூடும் என்று சொன்னார்.

அடுத்த நிமிடமே காலின் சஸ்மனும் ஓரன் ஜேக்கப்பும் காரில் ஏறினார்கள். சான் அன்செல்மோ என்ற ஊரில் இருந்த வீட்டுக்குப் பறந்தார்கள்.

போகும்போது வேகம்! திரும்பும்போது நிதானம்!

வீட்டில் இருந்த கம்ப்யூட்டரை எடுத்தார்கள். போர்வைகளால் சுற்றினார்கள். காரின் பின் சீட்டில் பத்திரமாக வைத்தார்கள். மெதுவாகப் போகும் வண்டிகளுக்கான பாதையிலேயே, ஊர்ந்து ஊர்ந்து ஆபீசுக்கு வந்து சேர்ந்தார்கள்.

போர்வை எதற்கு?

கம்ப்யூட்டருக்குப் போர்வை எதற்கு? அதற்குக் குளிருமா?

குளிருக்கு அல்ல. அதிர்ச்சிக்குத்தான்!

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் பைல்கள் எல்லாம் "ஹார்டு டிஸ்க்" என்ற பெட்டியில் இருந்தன. இன்றும் பல கம்ப்யூட்டர்களில் அதுதான் இருக்கிறது. அதற்குள் கிராமபோன் தட்டுப்போல ஒரு வட்டத் தட்டு உண்டு. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை அது சுற்றும். அதன்மேல் ஓர் ஊசிமுனை போன்ற உறுப்பு, தட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் நகர்ந்துகொண்டே படிக்கும், எழுதும்.

பெட்டி கீழே விழுந்தால் அந்த உறுப்பு தட்டில் இடிக்கலாம். தட்டில் கீறல் விழலாம். கீறல் விழுந்த இடத்தில் இருந்தது போனது போனதுதான்.

உலகில் அந்தப் படத்துக்கு மிஞ்சியிருந்த நல்ல பிரதி அது ஒன்றே. அதனால்தான் கைக்குழந்தையைப்போல அதைச் சுற்றி எடுத்து வந்தார்கள்.

கண் விழித்துச் சரிபார்த்தார்கள்

வீட்டுப் பிரதி சற்றுப் பழையது. கடைசியாகச் செய்த வேலைகள் அதில் இல்லை. ஆகவே அதை அப்படியே ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிட முடியவில்லை.

அதில் இருந்த பைல்களையும், பெரிய எந்திரத்தில் மிஞ்சிய பைல்களையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டார்கள். எது புதியது, எது பழையது, எது கெட்டுப்போனது என்று பிரித்தார்கள். ஒப்பிட்டுத் தீராத ஆயிரக்கணக்கான பைல்களை ஆட்கள் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள்.

படம் பிழைத்தது!

பிறகு கதையில் குறை இருப்பதாகக் கருதி, பெரும் பகுதியைத் திருத்தி எடுத்தார்கள். 1999-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி "டாய் ஸ்டோரி 2" அமெரிக்கா எங்கும் வெளியாயிற்று. உலகம் முழுவதும் 48 கோடி டாலருக்கு மேல் வசூல் குவித்தது.

தவறான கட்டளையைத் தட்டியவர் யார்? அதைத் துருவித் துருவி விசாரித்துக் கொண்டிருக்கவில்லை என்று பிக்சார் தலைவர்களில் ஒருவராக இருந்த எட் காட்மல், 2014-ல் வெளிவந்த தமது புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆளைப் பிடிப்பதைவிடப் படத்தை மீட்பதே முக்கியம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

பெட்டியைத் திறந்தால் காலி!

இந்தக் கதை நடந்து 19 ஆண்டுகள் ஆன பிறகு, இன்னொரு கம்பெனியில் இதேபோல நடந்தது.

"கிட்லேப்" என்பது கம்ப்யூட்டர் வல்லுநர்கள் தங்கள் வேலைகளைச் சேர்த்து வைக்கும் நிலையம். 2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இரவு, அங்கே ஓர் என்ஜினீயர் நெடுநேரம் வேலை பார்த்துக் கொண்டிருந்தார். ஒரு எந்திரத்தில் கொடுக்க வேண்டிய நீக்கல் கட்டளையை, தவறுதலாக மற்றொரு எந்திரத்தில் கொடுத்துவிட்டார். இரண்டொரு வினாடிகளில் தவறு தெரிந்தது. நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட் இருந்த இடத்தில் நாலரை ஜிகாபைட்தான் மிஞ்சியது!

அங்கே பேக்கப் எடுக்க ஒன்றல்ல, ஐந்து வழிகள் இருந்தன. ஒன்றுகூட அந்த நேரத்துக்குச் சரியாகக் கைகொடுக்கவில்லை. பிரதிகள் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தார்கள். காலி! "பிரதி எடுக்க முடியவில்லை" என்று எந்திரம் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களும் வந்து சேரவில்லை.

நல்லவேளையாக, சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு அதே என்ஜினீயர் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த பிரதி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு மீட்டார்கள். அந்த 6 மணி நேரத்தில் பதிவானவை மட்டும் போயின. கம்பெனி எதையும் மறைக்கவில்லை. நடந்ததை எல்லாம் உலகத்துக்குச் சொல்லிவிட்டது.

இரண்டு கதைகளுக்கும் நீதி ஒன்றுதான். பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அந்தப் பிரதியில் இருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

விதை நெல்லைப் போல

நம் ஊர் விவசாயிக்கு இது புதிய பாடம் அல்ல.

அறுவடையானதும் அவர் முதலில் விதை நெல்லை எடுத்து வைக்கிறார். சாப்பாட்டு நெல்லோடு அதைச் சேர்ப்பது இல்லை. தனிக் குதிரில், ஈரம் படாமல், எலி தொடாமல் வைக்கிறார்.

அதோடு விட்டுவிடுகிறாரா? இல்லை. விதைக்கும் முன்பு ஒரு பிடி நெல்லை நனைத்து, ஈரத் துணியில் கட்டி வைத்துப் பார்க்கிறார். முளை வந்தால்தான் வயலுக்குப் போகும்.

பேக்கப் என்பது விதை நெல். புதிய கம்ப்யூட்டர் என்பது புதிய வயல். முளைக்குமா என்று பார்க்காமல் விதைக்கக் கூடாது.

குடும்பத்துச் சொத்து

"நமக்கு என்ன, நாம் சினிமாவா எடுக்கிறோம்?" என்று சிலர் நினைக்கலாம்.

இன்று ஒவ்வொரு குடும்பத்துச் சொத்தும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம், மகளின் கலியாண வீடியோ, மறைந்த பாட்டியின் குரல், நிலப் பத்திரத்தின் பிரதி, கடைக் கணக்கு. கணக்கை மறுபடி எழுதலாம். பத்திரத்துக்கு மறுபடி நகல் வாங்கலாம். பாட்டியின் குரலை மறுபடி எங்கே போய் வாங்குவது?

பழைய கம்ப்யூட்டரை விட்டுப் புதியதற்கு மாறும்போதுதான் பலர் இவற்றைப் பறிகொடுக்கிறார்கள். "விண்டோஸ் 10" என்ற அமைப்புக்கு அதன் கம்பெனியான மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த பொதுவான ஆதரவு, 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. அதனால் கம்ப்யூட்டர் மாற்றுகிறவர்கள் பலர். அவர்கள் கவனிக்க வேண்டியவை இதோ:

1. "கட்" வேண்டாம், "காப்பி" செய்யுங்கள்!

பைல்களை இடம் மாற்ற இரண்டு வழி உண்டு. "கட்" கொடுத்தால் பழைய இடத்தில் இருந்து எடுத்துப் புதிய இடத்தில் வைக்கும். "காப்பி" கொடுத்தால் பழையதும் இருக்கும், புதியதும் உண்டாகும். பேக்கப்பில் இருந்து எடுக்கும்போது எப்போதும் காப்பிதான். நடுவில் மின்சாரம் போனாலும் மூலம் கெடாது.

2. எந்தக் குடும்பத்துக் கம்ப்யூட்டர்?

கம்ப்யூட்டர்களில் முக்கியமாக இரண்டு குடும்பம். ஒன்று விண்டோஸ். மற்றொன்று ஆப்பிள் கம்பெனியின் மேக். மேக் முறையில் அமைத்த டிஸ்க்கைச் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டர் படிக்காது. விண்டோசின் "என்.டி.எப்.எஸ்." முறையில் அமைத்த டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. இரண்டுக்கும் பொதுவாக "எக்ஸ்பேட்" என்ற முறை இருக்கிறது. ஒரு குடும்பத்தில் இருந்து மறு குடும்பத்துக்குப் போகிறவர்கள் அந்த முறையில் அமைத்த டிஸ்க்கில் பிரதி எடுப்பது நல்லது. டிஸ்க்கின் முறையை மாற்றினால் அதில் ஏற்கனவே இருப்பவை அழிந்துவிடும். ஆகவே காலி டிஸ்க்கில்தான் இதைச் செய்ய வேண்டும்.

3. மேக் வைத்திருப்பவர்கள்

மேக்கில் "டைம் மெஷின்" என்ற வசதி 2007-ல் வந்தது. ஒரு டிஸ்க்கைச் செருகி வைத்தால் அது தானாகவே பிரதி எடுக்கும். கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று. கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று. அதற்கு முந்தியவற்றுக்கு வாரத்துக்கு ஒன்று என்று சேர்த்து வைக்கும்.

புதிய மேக் வாங்கியதும் அந்த டிஸ்க்கைச் செருக வேண்டும். "மைக்ரேஷன் அசிஸ்டென்ட்" என்ற புரோகிராமைத் திறக்க வேண்டும். டைம் மெஷின் பிரதியில் இருந்து எடு என்று சொல்ல வேண்டும். படங்கள், கடிதங்கள், புரோகிராம்கள், அமைப்புகள் எல்லாமே குடும்பத்தோடு குடிபெயர்ந்து வந்துவிடும். வேலை முடியும்வரை சார்ஜரை எடுக்கக் கூடாது.

4. விண்டோஸ் வைத்திருப்பவர்கள்

விண்டோசில் "பைல் ஹிஸ்டரி" என்ற வசதி 2012-ல் வந்தது. அதை ஓடவிட்டிருந்தால், புதிய கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கைச் செருகிப் பைல்களைத் திரும்ப எடுக்கலாம். சாதாரணமாகக் காப்பி செய்து வைத்தவர்கள், "டாக்குமென்ட்ஸ்", "பிக்சர்ஸ்", "வீடியோஸ்", "மியூசிக்", "டெஸ்க்டாப்", "டவுன்லோட்ஸ்" ஆகிய போல்டர்களை ஒவ்வொன்றாக அதே பெயருள்ள புதிய போல்டருக்குக் காப்பி செய்ய வேண்டும். பலர் மறந்துபோவது டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்சையும்தான்!

இங்கே ஒரு எச்சரிக்கை. பைல்கள்தான் வரும். புரோகிராம்கள் வராது. கணக்கு எழுதும் புரோகிராம், அச்சடிக்கும் புரோகிராம் இவற்றைப் புதிதாகப் போட வேண்டும். கணக்குப் புரோகிராம் தன் கணக்குகளை வேறு போல்டரில் வைத்திருக்கலாம். பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே அது எங்கே என்று பார்த்து அதையும் காப்பி செய்துவிட வேண்டும்.

5. பூட்டின் சாவி

சில டிஸ்க்குகளுக்குப் பூட்டு உண்டு. விண்டோசில் அதற்கு "பிட்லாக்கர்" என்று பெயர். அதைத் திறக்க மீட்புச் சாவியாக 48 இலக்க எண் இருக்கிறது. அந்த எண் இல்லாவிட்டால் கைதேர்ந்த ரிப்பேர்க்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைக்க வேண்டும். டிஸ்க்கின் மேலேயே ஒட்டி வைக்கக் கூடாது. வீட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவார் உண்டா?

6. அவசரம் வேண்டாம்

பிரதி ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். டிஸ்க்கைச் செருகும் "யு.எஸ்.பி." வழியில் பழையதும் உண்டு, புதியதும் உண்டு. 500 ஜிகாபைட் ஏற்றுவதற்குப் பழைய வழியில் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். புதிய வழியில் ஒன்றரை மணி நேரத்தில் முடியலாம். சின்னச் சின்னப் பைல்கள் நிறைய இருந்தால் இன்னும் கூடுதலாக ஆகும். "நின்றுபோச்சு" என்று நினைத்து வயரைப் பிடுங்குவதுதான் பெரிய ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்றத் தொடங்கிவிட்டு, சமையல் வேலையைப் பார்க்கலாம்.

7. எண்ணிப் பாருங்கள்!

ஏறி முடிந்ததும் எண்ண வேண்டும். போல்டரின் மீது வலது பக்கப் பொத்தானை அழுத்தி, "பிராப்பர்ட்டீஸ்" என்பதைத் திறந்தால், எத்தனை பைல், எத்தனை போல்டர், மொத்தம் எவ்வளவு என்று காட்டும். பழையதிலும் புதியதிலும் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும்.

அதோடு விடக் கூடாது. சிலவற்றைத் திறந்தும் பார்க்க வேண்டும். மிகப் பழைய படம் ஒன்று. நடுக்காலத்தியது ஒன்று. நேற்று எடுத்தது ஒன்று. ஒரு வீடியோ. ஒரு கடிதம். ஒரு பாட்டு. பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது என்பதும் உண்டு. முளைப்பயிர் பார்ப்பது என்பது இதுதான்.

தமிழ்க் கடிதம் தலைகீழானது ஏன்?

தமிழர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு.

பழைய கம்ப்யூட்டரில் தமிழில் தட்டிய கடிதம், புதிய கம்ப்யூட்டரில் திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும்! "பேக்கப் கெட்டுவிட்டது" என்று பயந்து அழித்துவிட்டவர்கள் உண்டு. ஐயோ, அழிக்க வேண்டாம்!

பைல் கெடவில்லை. முன்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையில் இருந்தன. பாமினி ஒரு முறை. டிஸ்கி ஒரு முறை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் வேறு முறைகள். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். அது இல்லாத கம்ப்யூட்டரில் மூடியிருந்த ஆங்கில எழுத்து வெளியே தெரிந்துவிடும்.

பழைய கம்ப்யூட்டரில் உள்ள எழுத்துருவையும் சேர்த்துக் கொண்டுவந்து புதியதில் போட்டால், கடிதம் மறுபடி தமிழாகிவிடும். அதைவிட நல்ல வழி, அந்தக் கடிதங்களை "யூனிகோடு" முறைக்கு மாற்றிவிடுவது. மாற்றுவதற்குப் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுவதுக்கும் பொதுவான எண்கள் உண்டு. பிறகு எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

பழைய கம்ப்யூட்டரைத் துரத்தாதீர்கள்!

புதியது வந்ததும் பழையதைக் கடைக்காரரிடம் தள்ளிவிட்டுக் காசு வாங்க மனம் துடிக்கும். பொறுக்க வேண்டும். ஒரு மாதமாவது மூலையில் இருக்கட்டும். "அந்தப் பத்திரம் எங்கே? அந்த வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு எங்கே?" என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று திருப்தியான பிறகு, உள்ளே இருப்பவற்றை முறைப்படி அழித்துவிட்டுக் கொடுக்கலாம். வெறுமனே குப்பைக் கூடையில் போட்டு நீக்கினால் போதாது. நீக்கியதைத் திரும்ப எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று, இரண்டு, ஒன்று

புதிய கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியதும் புதிய பேக்கப்பையும் தொடங்க வேண்டும். அமெரிக்கப் புகைப்பட நிபுணர் பீட்டர் குரோக் என்பவர் சுலபமான கணக்கு ஒன்றைப் பரப்பினார். மூன்று, இரண்டு, ஒன்று!

மூன்று பிரதி வேண்டும். அவை இரண்டு வகைப் பொருளில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறு ஊரிலோ, வேறு வீட்டிலோ இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று. பீரோவில் உள்ள டிஸ்க்கில் ஒன்று. அண்ணன் வீட்டிலோ, இன்டர்நெட் வழியாக வெளியே சேர்த்து வைக்கும் இடத்திலோ ஒன்று. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். வெளியூரில் இருப்பது பிழைக்கும்.

டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைப்பவர்களும் உண்டு. பைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ் வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆகவே ஒரு டிஸ்க்காவது பிரதி எடுத்ததும் கழற்றிப் பீரோவுக்குப் போக வேண்டும்.

செலவு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஒரு படம் 4 மெகாபைட் என்று வைத்துக் கொண்டால், ஒரு டெராபைட் டிஸ்க் ஒன்றிலேயே 2½ லட்சம் படங்களை வைக்கலாம். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கும் போதும்!

தொட்டிலுக்குப் பக்கத்தில்

பிக்சார் கம்பெனியில் பெரிய பெரிய எந்திரங்கள் இருந்தன. காவல் இருந்தது. நிபுணர்கள் இருந்தார்கள். கடைசியில் படத்தைக் காப்பாற்றியது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்த ஒரு தாயின் கம்ப்யூட்டர்.

காரணம், அது வேறு இடத்தில் இருந்தது. அதில் இருந்த பிரதி நல்ல பிரதியாக இருந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பிரதி அங்கே இருந்தது தற்செயல். தற்செயல் எல்லோருக்கும் எப்போதும் வாய்க்காது. இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, அங்கே கிடக்கும் டிஸ்க்கைச் செருகி, பாட்டியின் குரல் அதில் கேட்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கேட்டால் நிம்மதி. கேட்காவிட்டாலும் நஷ்டம் இல்லை. பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது அல்லவா? இன்றே வேறொரு பிரதி எடுத்துவிடலாம்!